நூற்றுக்கு ஐம்பத்தாறு

நான் மூன்றாம் வகுப்பு வரை போனவள். கூட்டல் வரும். கழித்தலும் ஓரளவு வரும். அதற்கு மேல் இல்லை. அதனால் இதை எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் எழுத முடியும். புரியாதது நிறைய.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டி பக்கத்தில் ஒரு சின்ன கெமிக்கல் கம்பெனி. அவர்களுக்குச் சுண்ணாம்பு வேண்டும். பழவேற்காடு ஏரியில் வாரிய கிளிஞ்சலைக் கம்பெனிக்குள்ளேயே சூளை போட்டுச் சுட்டுக் கொடுக்க ஆள் தேடினார்கள். அந்த வருஷம் ஏரியில் மீன்பாடு இல்லை. என் வீட்டுக்காரருக்குச் சூளை வேலை தெரியும். போனோம். சூளை அவர் பொறுப்பு. அள்ளுவதும் சலிப்பதும் நான்.

எங்கள் ஊரில் கிளிஞ்சலுக்குக் கூடைதான் அளவு. ஐந்து கூடை போட்டால் ஏறக்குறைய ஐந்து கூடை எடுப்போம். சுட்ட பிறகும் கிளிஞ்சல் கிளிஞ்சலாகவேதான் இருக்கும். வெளுத்திருக்கும். கையில் எடுத்தால் லேசாக இருக்கும். ஏன் லேசு என்று யாரும் கேட்டதில்லை.

கம்பெனியில் தராசு வைத்திருந்தார்கள்.

முதல் சூளையைப் பிரித்த அன்று நான் போகவில்லை. அந்த மாதிரி நாளில் எங்கள் பெண்கள் சூளைப் பக்கம் போக மாட்டார்கள். நான்காம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் உள்ளே உட்கார்ந்தபடி பேசினார்.

"நூறு கிலோ உள்ள போச்சு. அம்பத்தேழு வெளிய வந்துக்குது. பாக்கி நாப்பத்திமூணு எங்கபா?"

"கூடை சரியாத்தான் இருக்குது சார். அஞ்சு போட்டேன். அஞ்சு எடுத்தேன்."

"கூடைய தூக்கி ஏரில போடு. தராசு இன்னா பொய் சொல்லுதா?"

"தராசு சொல்றது எனுக்கு இன்னா சார் தெரியும்."

"உனுக்குத் தெரியாதா? எந்த வண்டில ஏத்தி அனுப்புன?"

வீட்டுக்காரரைத் திருடன் என்கிறார் என்று புரிந்தது.

அப்போது கெமிஸ்ட் வந்தார். இளவயசு. தினம் மெட்ராஸிலிருந்து ரயிலில் வருவார். மேஜை மேல் இருந்த எடைச் சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"அம்பத்தேழே ஜாஸ்தி சார். அம்பத்தாறுதான் வரணும். நூறுல நாப்பத்திநாலு காத்து. சூட்டுல அது போயிடும். கொஞ்சம் கிளிஞ்சல் வேகாம இருக்கும், அதான் ஒரு கிலோ ஜாஸ்தி."

மேனேஜர் சிரித்தார். "இந்த ஓட்டுக்குள்ள நாப்பத்திநாலு கிலோ காத்தா? எங்கபா ஒளிச்சி வெச்சிக்கினு இருந்துது?"

எனக்கும் அதே கேள்விதான். கெமிஸ்ட் சீட்டின் பின்பக்கம் எழுதினார். நாற்பது ஒன்று. பன்னிரண்டு ஒன்று. பதினாறு மூன்று தடவை. மொத்தம் நூறு. நானும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். நூறு வந்தது. ஆனால் அந்த நாற்பது எதனுடைய நாற்பது என்று தெரியவில்லை.

மேனேஜருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. ஆனாலும் எண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"சரி. இனிமே அம்பத்தாறு. ஒண்ணு முன்னபின்ன இருந்தா ஒத்துக்கறேன். அதத் தாண்டிச்சின்னா புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் இங்க வேல கிடையாது."

இரண்டாவது சூளையும் நூறு கிலோதான். அதைப் பிரிக்க நானும் இருந்தேன். பிரிப்பதற்கு முன் சூளைக்கு ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். சூளைக்காரன் வீட்டுப் பெண்தான் ஊற்ற வேண்டும். ஊற்றினேன். ஆவி எழும்பியது. ஒரு சொட்டுக்கூட அடியில் வழியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டேன். காய்ந்து கிடந்தது. மேலாக இருந்தது மட்டும் மாவாக உதிர்ந்திருந்தது. சாம்பலைச் சலித்துவிட்டுத் தராசில் ஏற்றினோம்.

அறுபத்திமூன்றரை.

வீட்டுக்காரர் முகம் தெளிந்தது. குறையவில்லையே என்று அவருக்கு. மேனேஜர் அவரைப் பார்த்தார்.

"இன்னா கலந்தீங்க?"

"ஒண்ணும் கலக்கல சார்."

"அன்னிக்கி தூக்கினு போனீங்க. இன்னிக்கி திருப்பிக் கொண்ணாந்து கொட்டினீங்களா? மணலா, சாம்பலா?"

கெமிஸ்ட் ஒரு பிடி எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு ஆசிட் விட்டார். வேகாத கிளிஞ்சல் இருந்தால் நுரைக்குமாம். நுரைக்கவில்லை. மணல் இருந்தால் அடியில் தங்குமாம். தங்கவில்லை.

"அப்ப இன்னாதான் அது?" என்றார் மேனேஜர்.

"தெரியல சார்."

படித்தவர் தெரியவில்லை என்று சொன்னதும் எனக்குப் பயம் வந்தது. சாயங்காலம் வரை பார்க்கிறேன், இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டு மேனேஜர் போய்விட்டார்.

கரிக்குவியல் பக்கம் உட்கார்ந்தேன். குறைந்தால் திருட்டு. கூடினால் கலப்படம். கிளிஞ்சல் அதே ஏரி. கரி அதே கரி. தராசு அதே தராசு. இரண்டு தடவைக்கும் என்ன வித்தியாசம்? நான்தான் வித்தியாசம்.

சொன்னால் தப்பு என் மேல் வரும். சொல்லாவிட்டால் அவர் மேல். எழுந்து கெமிஸ்ட் அறைக்குப் போனேன்.

"சார், ஒரு கொடம் தண்ணி ஊத்தினேன்."

"எப்போ?"

"பிரிக்கறதுக்கு முன்னால. வழக்கம்."

"முதல் தடவையும் ஊத்தினீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"பொம்பளதான் ஊத்தணும். மொத வாட்டி நான் வர்ல."

"ஏன் வரல?"

அவருக்கு எல்லாவற்றுக்கும் ஏன் வேண்டும்.

"வரக்கூடாத நாளு சார்."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, "குடம் எத்தனை லிட்டர் பிடிக்கும்?" என்றார்.

பத்து பிடிக்கும் என்றேன். அடியில் கட்டியாக இருந்த சுண்ணாம்பில் இரண்டு கிலோ நிறுத்தெடுத்தார். அரை லிட்டர் தண்ணீர் விட்டார். அது கொதித்து, வெடித்து, மாவானது. ஆறியதும் திரும்ப நிறுத்தார். இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு. என்னைத் தொடச் சொன்னார். காய்ந்திருந்தது.

"தண்ணி எங்க சார்?"

"உள்ளதாம்மா இருக்கு."

"காஞ்சி கெடக்குதே."

"காஞ்சாலும் இருக்கு."

"புழிஞ்சா வருமா?"

"வராது. அது இப்ப தண்ணியா இல்ல."

தண்ணீராக இல்லாத தண்ணீர். ஐம்பத்தாறு பங்கு சுண்ணாம்பு பதினெட்டுப் பங்கு தண்ணீரைக் குடிக்கும், அதற்கு மேல் குடிக்காது என்று அவராகவே சொன்னார். அதுவும் அந்த நாற்பது, பன்னிரண்டு மாதிரிதான் எனக்கு.

அவர் போய் மேனேஜரிடம் பேசினார். என்ன சொன்னார், எவ்வளவு சொன்னார் என்று தெரியாது. இன்னொரு சூளை பார்க்கலாம், தண்ணீர் கூடாது என்று உத்தரவு வந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது வீட்டுக்காரர் கேட்டார்.

"அந்த ஆள்கிட்ட எல்லாத்தியும் சொன்னியா?"

"கேட்டாரு. சொன்னேன்."

"அதயுமா?"

"அதச் சொல்லாம கணக்கு நிக்கல."

அவர் முன்னால் நடந்துவிட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார்.

மூன்றாவது சூளைக்கு இருநூறு கிலோ. கரியும் கிளிஞ்சலும் மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தோம். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"நூறுக்கு அம்பத்தாறுன்னா இருநூறுக்கு எவ்ளோ?"

"நூத்திப்பன்னெண்டு."

"மீதி?"

"காத்து."

"ம்" என்றார். அடுத்த கூடையைத் தூக்கினார்.

பிரித்த அன்று நான் குடத்தை எடுக்கவில்லை. தள்ளி நின்றேன். தராசில் நூற்றுப்பதின்மூன்று நின்றது. மேனேஜர் முள்ளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "சரி, உள்ள ஏத்துங்கபா" என்றார். நாங்கள் அள்ள ஆரம்பித்தோம்.