அண்ணன் பயந்த விருந்து

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, சபையாரே, நண்பர்களே,

அண்ணனை மண்ணில் வைத்து ஓராண்டு நிறைகிறது. அவர் துளியும் கலங்காமல், முகத்தில் புன்னகையோடு கண்மூடினார் என்று இத்தகைய மலரில் எழுதுவது வழக்கம். அப்படித்தான் எழுதியிருந்தேன். அண்ணி படித்துவிட்டுத் தாளைத் திருப்பி நீட்டினார்.

"இது யாருங்க தம்பி? நம்ம வூட்டு ஆளு மாதிரி தெரியலையே."

வார இதழ்களுக்கு நகைச்சுவைத் துணுக்கு எழுதுகிறவன் நான். உண்மையை எழுது என்று இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அண்ணி கேட்டுவிட்டார். ஆகவே மறுபடி எழுதுகிறேன். அண்ணன் சாவுக்குப் பயந்தார். அவர் பயந்ததைப் பார்த்து நான் அதைவிட அதிகமாகப் பயந்தேன்.

அண்ணன் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில், சித்தேரி மலையடியில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் பள்ளிக்கூடத்தை விட்டுக் கரும்பு வெட்டப் போனார். அவர் படிக்காமல் விட்டதையெல்லாம் சேர்த்து என்னைப் படிக்கச் சொன்னார். நானும் கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்து, எதையும் முழுசாக நம்பாதவனாக வளர்ந்தேன். அண்ணன் கடத்தூரிலும் பிறகு பென்னாகரத்திலும் சபை உபதேசியாராக இருந்தார். போதகர் வராத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்பவர் உபதேசியார். எங்கள் போதகருக்கு ஊர்கள் அதிகம் என்பதால் அநேகமாக எல்லா ஞாயிறும் அண்ணன்தான்.

ஞானஸ்நானம் பெறப்போகிறவர்களுக்கு விசுவாசத்தை விளக்கிச் சொல்வதும் அவர் வேலை. பஞ்சாயத்து டி.வி.யில் ஞாயிறு மாலை படம் போட ஆரம்பித்ததும் வகுப்பை சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார். ஆடு மேய்ப்பவர் ஒருவர் அந்த வகுப்பில் கேட்டது நினைவிருக்கிறது.

"ஏங்க உபதேசியாரே, கடவுள் அவ்ளோ பெரியவருன்னா எதுக்குத் தானே வரணும்? ஆள் அனுப்பியிருக்கலாமில்ல?"

"அனுப்பிப் பாத்தாருங்க. வந்தவங்களை அடிச்சித் தொரத்துனோம். உங்க ஆடு பள்ளத்துல வுழுந்தா ஆள் அனுப்புவீங்களா, எறங்குவீங்களா?"

"எறங்குவேங்க."

"அவரும் எறங்குனாரு. நம்ம பாவத்தைத் தன் மேல போட்டுக்கிட்டு அங்கியே செத்தாரு. மூணாம் நாள் எந்திரிச்சாரு. நம்மளையும் எழுப்புவாரு. இதாங்க நம்ம விசுவாசம்."

நான் சும்மா இருப்பேனா? "பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு மூணு பேரு. கடவுள் ஒருத்தருங்கறீங்க. எப்படிண்ணா?" என்றேன்.

"ஒருத்தரே தேவன். பிதா அனுப்புனாரு, மகன் வந்தாரு, ஆவியானவர் நம்ம கூட இருக்காரு. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுடா. நீதான் படிச்சவனாச்சே, படிச்சிட்டு வந்து சொல்லு."

படித்துவிட்டுப் போனேன். எனக்கும் தெரியவில்லை. ஆனால் அதைச் சொல்ல எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோயிலுக்கு வர முடியாத நோயாளிக்குப் போதகர் வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுப்பார். அது எந்த நோயாளிக்கும் உரியது. ஆனால் போதகர் எங்கள் ஊருக்கு வருவதே அபூர்வம். ஆள் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லி அனுப்பினால்தான் வீடு தேடி வருவார். அதனால் அந்த விருந்தின் அப்பமும் திராட்சரசமும் வீட்டுக்கு வந்தால் ஆள் முடிந்தது என்று ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள். காய்ச்சலில் கிடந்த ஒரு பெரியம்மா போதகரைக் கண்டதும் கொல்லை வழியாக ஓடிப்போய்ப் பிழைத்தும் கொண்டார். "அது சாவுச் சீட்டில்லீங்க, சாப்பாடு" என்று அண்ணன் வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை.

அண்ணனுக்கு வயிற்றில் புற்று என்று தருமபுரி ஆஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மத்தியானம் போதகர் தம் சின்னத் திருவிருந்துப் பெட்டியோடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். அண்ணன் அதைப் பார்த்தார். போர்வையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டார்.

"வேணாங்க ஐயா. அடுத்த வாரம் நானே கோயிலுக்கு வர்றேன்."

தானாக எழுந்து உட்காரவும் முடியாத மனிதர் சொல்கிறார். போர்வை நடுங்குவது தெரிந்தது. இவரே பயந்தால், இவரை நம்பிப் பாதி நம்பிக்கொண்டிருந்த என் கதி என்ன? போதகர் வெளியே போய் உட்கார்ந்தார். அண்ணி என்னைப் பார்த்தார்.

"ஏதாச்சும் சொல்லுங்க தம்பி."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ஏண்ணா பயப்படறீங்க? மழையிலயும் வெயில்லயும் சைக்கிள் மிதிச்சி ஊழியம் பண்ணியிருக்கீங்க. அதெல்லாம் வீணாவா போயிரும்? அதுக்கே உங்களுக்குப் பரலோகம்."

போர்வை விலகியது. பயந்த கண்ணில் கோபம்.

"டேய், இதையா நான் ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தேன்? சைக்கிள் மிதிச்சதுக்குக் குடுத்தா அது கூலிடா. கிருபைன்னா சும்மா குடுக்கறது. சிலுவையில பக்கத்துல தொங்குன கள்ளன் எந்த சைக்கிளை மிதிச்சான்?"

"அவனுக்குக் கெடைச்சது உங்களுக்குக் கெடைக்காதா?"

"கெடைக்கும். அது தெரியும்டா. தெரிஞ்சும் பயமா இருக்குதே. மண்ணுக்குள்ள போவணும். எந்திரிப்போம்னு எத்தனை குழி மேல நின்னு சொல்லியிருக்கேன்! இப்ப எனக்கே ஒதறுது. பயப்படறவன் விசுவாசிதானா? சொல்லு."

படித்த புத்தகங்களெல்லாம் என்னைக் கைவிட்டன. அவர் வகுப்பில் சொன்ன ஒன்றுதான் நாக்கில் நின்றது.

"சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல ஆண்டவரும் பயந்தாரில்லண்ணா? வேர்த்துக் கொட்டி, இந்தச் சாவுப் பாத்திரம் எனக்கு வேணாம்னு பிதாகிட்ட கேட்டாரில்ல?"

அண்ணன் போர்வையை மார்புக்குக் கீழே தள்ளினார்.

"கேட்டாரு," என்றார். "உம்ம சித்தப்படியே ஆவட்டும்னு சொல்லிட்டு, அப்பறம் எந்திரிச்சிப் போனாரு."

பிறகு, "ஐயாவைக் கூப்புடு," என்றார். போதகர் உள்ளே வந்ததும், "எனக்கு மட்டும் குடுக்காதீங்க ஐயா. ஒண்டியா சாப்புட பயமா இருக்குது. எல்லாருக்கும் குடுங்க," என்றார்.

அண்ணனைப் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு பாய் அவரைத் தூக்கி உட்காரவைத்து, சாயாமல் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அண்ணன் வாங்கினார். அண்ணி வாங்கினார். திருவிருந்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காத நானும் வாங்கினேன். அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"எல்லாரும் சாப்புட்டீங்களே, அப்ப எல்லாரும் சாவப் போறீங்களா?"

"ஆமாண்ணா. வரிசையில கொஞ்சம் பின்னாடி நிக்கறோம்."

சிரித்தார். சிரித்தது வலித்தது போல. என் மணிக்கட்டைப் பிடித்த கை மட்டும் தளரவில்லை.

"பயம் போச்சாண்ணா?"

"இல்ல. பரவால்ல."

சில நாள் கழித்து, அந்தப் பயத்தோடேயே, அண்ணி பாடிக்கொண்டிருக்கும்போது போனார்.

அண்ணனுக்கு மருந்து கொடுத்துப் பார்த்த மருத்துவருக்கும், வீடு தேடி வந்த போதகர் ஐயாவுக்கும், முதுகைத் தாங்கிய பாய்க்கும் அவர் வீட்டாருக்கும், எங்களுக்கு உலை வைக்கத் தோன்றாத நாட்களில் சோறு கொண்டுவந்த சபைப் பெண்களுக்கும், குழி வெட்டியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நினைவு ஆராதனையில் திருவிருந்தும் உண்டு. சபையைச் சேராத நண்பர்கள் எங்களோடு வந்து உட்காருங்கள். சபையார், பயம் தெளிந்தபின் வரலாம் என்று காத்திருக்க வேண்டாம். அப்பத்துக்கு நீட்டிய கைகளில் ஒன்று நடுங்கினால், அது என்னுடையது.