சூரியக் காற்றும் குற்றாலக் கூட்டமும்

இந்த 1966 ஆனியில் நான் குற்றாலம் பக்கம் போனது குளிக்க அல்ல, சமைக்க. என் தம்பி சுந்தரம் மதுரையில் ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லித் தருகிறான். வானத்திலிருந்து வரும் அண்டக்கதிர்களை எண்ணுகிற பெட்டி ஒன்றைத் தன் கையாலேயே செய்திருந்தான். சாரல் மேகத்துக்கு அடியில் அது எப்படி எண்ணுகிறது என்று பார்க்க, மூன்று வாரம் தென்காசியில் வைக்க அனுமதி கிடைத்தது. ஏற்கெனவே இரண்டு முறை பழுதான பெட்டி. இன்னொரு முறை கெட்டால் அதை அலமாரியில் பூட்டிவிட்டு வேறு வேலை பார் என்று அவன் பேராசிரியர் சொல்லிவிட்டார். நாலு வருஷத்து உழைப்பு. அவனுக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. எனக்கும் குற்றாலநாதருக்கு ஒரு வேண்டுதல் பாக்கி. வீட்டுக்காரர் சரி என்றதும் கிளம்பிவிட்டேன்.

மதுரையில் காலை ஏழேகாலுக்கு ரயில். மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு நாலு ரூபாய் முப்பது பைசா. நூறு மைல்தான், ஆனால் மத்தியானம் ஆகிவிடும், கட்டுச்சாதம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையநல்லூர் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது.

தென்காசி ஸ்டேஷனில் குதிரைவண்டி முக்கால் ரூபாய். வண்டிக்காரர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ரேடியோவா என்று கேட்டார். வானத்திலிருந்து விழுகிறதை எண்ணுகிற பெட்டி என்றான் தம்பி.

“சாரலயா எண்ணப் போறிய? ஒத்தப் பொட்டி காணாதே அண்ணாச்சி” என்றார் அவர்.

தென்காசிக் கோயிலுக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த வீட்டின் உள்ளறையில், ஒரு மேசைமேல் பெட்டி ‘டிக் டிக்’ என்று எண்ண ஆரம்பித்தது. ஒவ்வொரு டிக்கும் எங்கோ நட்சத்திரங்களுக்கு நடுவிலிருந்து கிளம்பியது என்று தம்பி சொன்னபோது, அடுப்பை மறந்து உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அரிவாள்மணைக்கும் தையல் மிஷினுக்கும் பொட்டு வைக்கிறவள் நான். இத்தனை பெரிய காரியம் செய்கிற பெட்டியை விட்டுவிடுவேனா? தம்பி கடைக்குப் போயிருந்தபோது சந்தனத்தைக் கரைத்துத் தாராளமாகப் பூசி, குங்குமம் வைத்து, பூவும் சார்த்தினேன்.

சனிக்கிழமை காலையில் எண்ணிக்கை இறங்கியிருந்தது. நூற்றுக்கு மூன்று போலத்தான். ஆனால் இரவு முழுக்க இறங்கியபடியே இருந்திருக்கிறது. தம்பி மூடியைத் திறந்தான். சந்தனத் தண்ணீர் இடுக்கு வழியாக உள்ளே இறங்கியிருந்தது. துடைத்தான், விசிறினான், தணல் காட்டினான். ஏறவில்லை. இட்லியைத் தொடவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கலாம் என்றான், என் முகத்தைப் பார்க்காமல். மலைமேல் ஓர் ஊரில் அவன் சிநேகிதன் இதே மாதிரி பெட்டி வைத்திருக்கிறான். அங்கேயும் இறங்கியிருந்தால் குற்றம் பெட்டியில் இல்லை. தபால் ஆபீசில் டிரங்க் கால் பதிவு செய்தான். லைன் கிடைக்கச் சாயங்காலம் ஐந்து ஆகும் என்றார்கள். வீட்டில் அந்த டிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. குற்றாலத்துக்குப் போய் வரலாம் என்று அவனைக் கிளப்பினேன். மூன்று மைல், பஸ்ஸுக்கு இருபது பைசா.

பேரருவியில் நல்ல தண்ணீர். அதைவிடக் கூட்டம். குளித்து முடித்தவர்கள் ஈரத்துணியோடு வெளியே வர, நாங்கள் எதிர்த்து உள்ளே போனோம். நேராக ஓரடி வைக்க முடியவில்லை. ஒருவர் தோளில் இடித்து இடப்பக்கம் போனால், ஒரு குடும்பம் சுற்றி நின்று தலை துவட்டுகிறது, அங்கிருந்து வலப்பக்கம். நாலடி முன்னே, இரண்டடி பின்னே. அந்த நேரம் பார்த்து, ஒரு லாரி நிறைய வந்தவர்கள் மொத்தமாகக் குளித்து மொத்தமாகத் திரும்பினார்கள். எங்களை எண்ணெய்க் கடை வாசலுக்கே கொண்டுவந்து விட்டார்கள்.

தம்பி காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தான்.

“அக்கா, அந்தக் கதிரும் இப்படித்தான் வருது. சூரியன்லேர்ந்து ஒரு காத்து எந்நேரமும் வெளிய வீசுது. சீரா வீசல, காந்தசக்தியையும் இழுத்துக்கிட்டுச் சுழிச்சுச் சுழிச்சு வருது. அந்தச் சுழிப்புல முட்டி மோதித்தான் கதிரு உள்ள வரணும்.”

“லாரிக் கூட்டம்?”

“சூரியன்ல எப்பவாச்சும் ஒரு கொந்தளிப்பு. அந்த மொத்தக் காத்தும் ரெண்டு நாள்ல இங்கன தாண்டும். அப்போ உள்ள வந்து சேருதது கொறைஞ்சுபோகும்.”

அந்தக் காற்று எங்கே போய் நிற்கிறது என்று கேட்டேன். கிரகங்களையெல்லாம் தாண்டி எங்கோ. யாருக்கும் தெரியாது என்றான்.

பெண்கள் பக்கம் போய் அருவிக்குள் நின்றேன். தலைமேல் தண்ணீர் இடித்தது. அந்த இடிக்குள்ளும் என் உடம்பினூடே அந்தக் கதிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன என்று நினைத்தபோது கை தானாகக் குவிந்தது. வேண்டுதல் ஞாபகத்துக்கு வரவில்லை. குற்றாலநாதா, சூரியனாக இருக்கட்டும் என்று மட்டும் கேட்டேன்.

தென்காசிக்குத் திரும்பினோம். தபால் ஆபீசில் ஐந்தேகாலுக்கு லைன் வந்தது. வாசலில் நின்ற எனக்குத் தம்பியின் கத்தல் மட்டுமே கேட்டது. எவ்வளவு, எப்போதிருந்து என்று கேட்டான். பிறகு வெறும் “சரி, சரி.” வெளியே வந்தவனுக்குக் கண் நிறைந்திருந்தது.

“அங்கயும் எறங்கிருக்கு அக்கா. அதே ராத்திரி.”

“அங்க யாரும் சந்தனம் பூசலியே?”

“அவன் கோயில் பக்கமே போகாதவன்.”

தெருவென்றும் பாராமல் இரண்டு பேரும் சிரித்தோம். அன்று ராத்திரி எட்டு தோசை சாப்பிட்டான்.

எண்ணிக்கை ஒரே நாளில் திரும்பவில்லை. கூட்டம் கலைகிற மாதிரி, நாள் போகப்போக மெல்ல ஏறியது.

போகிறவர்களுக்கு: ஆனி, ஆடிதான் நல்ல சமயம். காலை ஆறு மணிக்குள் அருவிக்குப் போய்விடுங்கள். எண்ணெய் தென்காசியிலேயே வாங்குங்கள். குற்றாலத்தில் கால் ரூபாய் கூடுதல். கூட்டம் தள்ளினால் எதிர்த்து நிற்க வேண்டாம், ஒதுங்கி ஒதுங்கிப் போனாலும் போய்ச் சேரலாம். எவ்வளவோ தூரத்திலிருந்து அப்படி வந்து சேருகிறவற்றின் சத்தத்தைக் காதால் கேட்டவள் சொல்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தனக் கிண்ணத்தை எடுத்து, மறுபடி உள்ளே வைத்துவிட்டேன். தம்பிதான் அதை எடுத்துவந்து நீட்டினான்.

“மேசைக்காலுக்கு வையி அக்கா. கெட்டியா குழைச்சு.”