தஞ்சாவூருக்கு ஒரு பிளஷர் கார்

என் அக்காவின் கணவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். இலங்கை மலைநாட்டில் றொசல்லவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர் வெள்ளைக்காரத் துரையின் கார் டிரைவர். பதினாறு வருஷம் அந்த வேலை பார்த்தார். துரைக்குச் சீமையிலிருந்து விருந்தாளிகள் வந்தால், அவர்களை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிக்கொண்டு போவது மச்சான்தான். கண்டி அரண்மனைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறார். அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா என்று ராஜாக்கள் இருந்த இடமெல்லாம் போயிருக்கிறார். திரும்பி வந்ததும் அக்கா ஆசையாகக் கேட்பாள்.

"உள்ள என்னங்க இருந்துச்சு?"

"எனக்கு எப்புடித் தெரியும்? நான் வண்டிகிட்ட நிக்கணும்ல."

அந்த இடங்களில் எந்த மரத்தின் நிழல் எத்தனை மணி வரைக்கும் காருக்கு மேல் விழும் என்பது அவருக்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அதை ஒரு குறையாகவும் அவர் சொன்னதில்லை.

நாடு சுதந்திரமடைந்த வருஷமே, இந்தியாவிலிருந்து வந்த எங்கள் தோட்டத்து ஆட்களுக்குக் குடியுரிமை இல்லை என்று சட்டம் வந்துவிட்டது. மனுப் போட்டால் கிடைக்கும் என்று பின்னால் சொன்னார்கள். மச்சானும் போட்டார், நானும் போட்டேன். மச்சான் சின்ன வயதில் அவருடைய அப்பாவோடு இந்தியாவுக்குப் போய் ஒன்றரை வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அதைக் காட்டி அவருடைய மனுவைத் தள்ளிவிட்டார்கள். அக்காவின் பெயரும் அதே மனுவில்தான் இருந்தது. என்னுடைய மனு வருஷக்கணக்காக விசாரணையில் கிடந்தது. பழைய துரை சீமைக்குப் போய்ப் புதுத் துரை வந்தார். குடியுரிமைக் காகிதம் இல்லாத டிரைவர் தனக்கு வேண்டாம் என்றார். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் அக்காவும் மச்சானும் இந்தியாவுக்குப் புறப்பட வேண்டியதாயிற்று.

நான் அப்போது ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கடை முதலாளி முஸ்லிம். நான் தயங்கித் தயங்கி லீவு கேட்டபோது, அளந்துகொண்டிருந்த பூப்போட்ட சீத்தைத் துணியை அப்படியே மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"போய் விட்டுட்டு வாங்க தம்பி. கூடப்பொறந்த ஆள் ஒருத்தர் கூடப் போகாம அனுப்பக் கூடாது."

போய்த் திரும்பி வருவதற்கு எனக்கு ஒரு மாதத்துக்கு அனுமதிக் காகிதம் கிடைத்தது.

புறப்பட்ட அன்று காலையில் அக்காவைக் காணோம். எங்கே போயிருப்பாள் என்று எங்களுக்குத் தெரியும். அவளுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை பிறந்து, நாற்பது நாள்கூட இருக்காமல் போய்விட்டது. பத்தாம் நம்பர் தேயிலை மலைக்கு அந்தப் பக்கம் அதைப் புதைத்திருந்தோம். மழையில் நனைந்துகொண்டு வந்தாள். அம்மா தலையைத் துவட்டிவிட்டாள். றொசல்ல ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போதும் அம்மா அழவில்லை. "சாமான பாத்துக்க, சாமான பாத்துக்க" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே ரயிலோடு கொஞ்ச தூரம் நடந்து வந்தாள்.

தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் திருச்சிக்குப் போனோம். மச்சானுக்குத் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அங்கே ரயில்பாதையோரமாக ஓர் அறை பிடித்துக் கொடுத்தார். தகரக் கூரை. அப்படியொரு வெயிலை அக்கா பார்த்ததே இல்லை. பகல் முழுக்க ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மச்சான் தினமும் காலையில் காக்கிச் சட்டையும் காக்கிக் கால்சட்டையும் தேய்த்துப் போட்டுக்கொண்டு, துரை கொடுத்துவிட்டுப் போன பழுப்புத் தோல் சப்பாத்தையும் காலில் மாட்டிக்கொண்டு வேலை தேடிப் போனார். இலங்கை லைசன்ஸ் இங்கே செல்லாது, புதிதாக எடுக்க வேண்டும், அதற்கு இந்த ஊர் விலாசத்துக்கு ஒரு சான்று வேண்டும் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒன்று சொன்னார்கள்.

நான் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது, சாயங்காலம் வந்த மச்சான் சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார்.

"நாளைக்குக் காலையில ரெடியா இருங்க. கார் சொல்லிட்டு வந்திருக்கேன். தஞ்சாவூர் அரண்மனைக்குப் போறோம்."

அக்கா திடுக்கிட்டுப் போனாள். "கையில இருக்கிறதே கொஞ்சம். இப்ப எதுக்குங்க அரண்மனையும் கிரண்மனையும்? பஸ்ஸுல போனா ஆகாதா?"

"கார்லதான் போறோம். தம்பி நாளைக்கழிச்சுப் போயிருவான். அப்பறம் எப்ப பாக்கப் போறோம்?"

மறுநாள் விடிந்ததும் கார் வந்தது. பழைய கறுப்பு வண்டி. தெருப்பிள்ளைகள் "பிளஷர், பிளஷர்" என்று கத்திக்கொண்டு கூடிவிட்டார்கள். அந்த ஊரில் காரை அப்படித்தான் சொன்னார்கள். அக்காவுக்கு அந்தப் பேரைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. இந்தியாவுக்கு வந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

டிரைவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், சாதுவான மனிதர். மச்சான் முன்கதவைத் திறக்கப் போனார். அக்கா விடவில்லை. "இன்னைக்காவது பின்னாடி உக்காருங்க" என்று இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். மச்சானால் சும்மா உட்கார முடியவில்லை. மாட்டு வண்டி குறுக்கே வந்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. வளைவில் ஆரன் அடிக்காவிட்டால் முணுமுணுத்தார். வழியெல்லாம் இரண்டு பக்கமும் வயல்தான். எங்கே பார்த்தாலும் சமதளமான பூமி. அக்கா ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை.

தஞ்சாவூர் அரண்மனை வாசலில் கார் நின்றது. நானும் அக்காவும் இறங்கி உள்ளே நடந்தோம். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் மச்சானைக் காணோம். வெளியே வந்து பார்த்தேன். காரின் முன்பக்கத்துக்குப் பக்கத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கார் டிரைவர் அவருக்கு எதிரே ஒன்றும் புரியாமல் நின்றார்.

"வாங்க மச்சான்."

"நீங்க பாத்துட்டு வாங்கடா. யாராச்சும் வண்டிகிட்ட இருக்கணும்ல."

"அதான் நான் இருக்கேனே, நீங்க போங்க" என்றார் டிரைவர்.

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். அவள் முகம் சிவந்திருந்தது. அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, ஆட்கள் பார்க்கப் பார்க்க, உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் நாலு பேர் முன்னால் புருஷன் கையைப் பிடிக்கமாட்டார்கள்.

தர்பார் மண்டபத்தின் தூண்களிலும் வளைவுகளிலும் பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூசியிருந்தார்கள். பல இடங்களில் வர்ணம் உரிந்து சுண்ணாம்புப் பூச்சு தெரிந்தது. மேலே புறாக்கள் அடைந்திருந்தன. மச்சான் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கழற்றத் தேவையில்லை என்று சொன்னேன், கேட்கவில்லை. ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்த்தார். அண்ணாந்து வெகுநேரம் நின்றார். பிறகு மெதுவாக, "இவ்வளவுதானா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். வெளியே நின்ற அத்தனை வருஷமும் உள்ளே என்னவோ இருக்கிறது என்று அவரும் நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

கோபுரம் மாதிரி உயர்ந்திருந்த கட்டடத்தில் ஏறினோம். குறுகலான படிகள், உள்ளே இருட்டு. கொழுந்துக்கூடையோடு மலையேறிப் பழகிய அக்கா எங்களுக்கு முன்னாலேயே மேலே போய்விட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது திறப்பில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய கோயிலின் கோபுரம் தெரிந்தது. தென்னை மரங்களும் ஓட்டுக் கூரைகளும் தெரிந்தன. அதற்கப்பால் கண்ணுக்கெட்டியவரை ஒரு மேடுகூட இல்லை.

"நம்ம ஊரு எந்தப் பக்கம்டா தம்பி?"

சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டுத் தெற்கே கையைக் காட்டினேன்.

"பிள்ளைய அங்க விட்டுட்டு வந்துட்டேனேடா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். படியில் மச்சானின் காலடி கேட்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாருங்க, எவ்வளவு பெரிய ஊரு" என்று அவருக்கு இடம் விட்டாள்.

மத்தியானம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். வாசலில் நின்ற ஆள் என்னையும் அக்காவையும் உள்ளே விட்டான். மச்சானின் காக்கி உடுப்பைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி மறித்தான்.

"டிரைவருங்களுக்குப் பின்பக்கம் பெஞ்சு போட்டிருக்கு. அந்த வழியா போ."

பின்னால் வந்த கார் டிரைவர் பதறிப்போய், "யோவ், அவருதான்யா வாடகைக்கு எடுத்தவரு. நான்தான் டிரைவர்" என்று சத்தம் போட்டார். கடைக்காரர் எழுந்து வந்து மன்னிப்புக் கேட்டார், இலை போடச் சொன்னார். மச்சான் ஒருவிதமாகச் சிரித்தார்.

"பரவாயில்லைங்க. அவரு சொன்னதுல தப்பு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, டிரைவரின் தோளில் கைபோட்டுப் பின்பக்கம் நடந்தார். அங்கே அவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அக்கா இலையில் கை வைக்கவில்லை. நான் மட்டும் சாப்பிட்டேன். எனக்குப் பசி. அதை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சாப்பாட்டின்போது அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது. பெரிய கோயிலைப் பார்த்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பும் வழியில், ஊர் தாண்டியதும் டிரைவர் காரை ஓரம் கட்டினார். இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார்.

"வாங்கண்ணே. கொஞ்ச தூரம் நீங்க ஓட்டுங்க."

மச்சான் அக்காவைப் பார்த்தார். இந்தத் தடவை அவள் தடுக்கவில்லை.

அவர் ஓட்டியதை எப்படிச் சொல்வது? மலைப்பாதையில் பழகின கை. அந்த நேர்ரோட்டில் அவருக்கு வேலையே இல்லை. பழைய வண்டி அவர் கையில் சத்தமே இல்லாமல் ஓடியது. வாய்க்காலும் மரங்களும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. டிரைவர், "சிலோன்ல நல்லா ஓட்டிப் படிச்சிருக்கீங்கண்ணே" என்றார். கண்ணாடியில் மச்சானின் கண்களைப் பார்த்தேன், நிறைந்திருந்தன. அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். திருச்சி எல்லை வந்ததும் அவராகவே நிறுத்தி இறங்கினார். கைக்குட்டையை எடுத்து ஸ்டியரிங்கைத் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார்.

மறுநாள் ஸ்டேஷனில் இருவரும் என்னை ஏற்றிவிட்டார்கள். "போய்ச் சேந்ததும் கடுதாசி போடு. அம்மாகிட்ட நாங்க நல்லா இருக்கோம்னு சொல்லு" என்றாள் அக்கா. நானும் அப்படியே சொன்னேன்.

மச்சானுக்கு லைசன்ஸ் கிடைக்கவே இல்லை. ஒரு வருஷம் அலைந்துவிட்டு, அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனார். அக்காவின் கடிதங்கள் மாதத்துக்கு ஒன்று வந்தன. யாரையாவது எழுதச் சொல்லி அனுப்புவாள். கையெழுத்து ஒவ்வொரு தடவையும் வேறாக இருக்கும். எல்லாவற்றிலும் சுகம் என்றுதான் இருந்தது. மூன்றாவது வருஷம் மச்சானிடமிருந்து கடைக்கு ஒரு கடிதம் வந்தது. அக்கா காய்ச்சல் கண்டு, எட்டாம் நாள் தவறிவிட்டாள். காரியமெல்லாம் முடித்தாயிற்று. நீ வந்தாலும் பார்க்க ஒன்றுமில்லை, வர வேண்டாம் என்று எழுதியிருந்தார். போக நினைத்திருந்தாலும் என்னால் போயிருக்க முடியாது. என் மனு அப்போதும் விசாரணையில்தான் கிடந்தது. ஏற்கனவே ஒரு மாதம் போய் வந்தவன், மறுபடியும் நாட்டைவிட்டு வெளியே போனால் அதையே காரணம் காட்டித் தள்ளிவிடுவார்கள்.

முதலாளி கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு, கடைக்கதவில் ஒன்றைச் சாத்தினார். "இப்பவே ஊட்டுக்குப் போங்க தம்பி. நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார்.

நான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலக் கொழுந்தைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கூடையோடு வரிசையில் நின்றாள். வேலை நாளில் என்னை அங்கே கண்டதுமே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் வரிசையை விட்டு வரவில்லை. கூடையை நிறுத்து, பெயர் பதிந்த பிறகுதான் என்னிடம் வந்தாள். சொன்னேன். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, மடித்து, மறுபடியும் அவிழ்த்தாள்.

"கடைசியில வாயில தண்ணி ஊத்த ஆள் இருந்துச்சாடா?"

கடிதத்தில் அது இல்லை.

"மச்சான் பக்கத்துலதான்மா இருந்தாங்க" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். பிறகு வீடு இருந்த லயத்துப் பக்கம் நடந்தாள். கூடையை வாங்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.