தலை நனையாமல் நீந்தியவள்

1982, தை மாதத்துச் சனிக்கிழமை. காலை பத்தரை மணிக்கு எறணாகுளம் படகுத் துறையில் நின்றபோதே எனக்குச் சாந்தியின் மேல் கோபம். கோயம்புத்தூரிலிருந்து இருநூறு கிலோமீட்டர் ரயிலில் இடிபட்டு வந்தவளை அழைத்துப்போக ஓர் ஆள் வரவில்லை. நாற்பது பைசா கொடுத்து மட்டாஞ்சேரிப் படகில் ஏறினேன்.

சாந்தியை உங்களுக்குத் தெரிந்திருக்காது. எழுபதுகளில் மாநிலப் போட்டிகளில் நீச்சலுக்கும் டைவிங்குக்கும் முதல் பரிசு அவளுக்குத்தான். இரண்டாவது எப்போதும் நான். பத்து மீட்டர் மேடையிலிருந்து அவள் தலைகீழாகப் பாய்ந்தால் தண்ணீர் தெறிக்காது. வயிற்றெரிச்சலோடு கை தட்டுவேன். அப்படிப் பாய்ந்து பாய்ந்தே இரண்டு காதிலும் சவ்வு கிழிந்தது. சீழ் வைத்து இடது காது அடியோடு போயிற்று. மிச்சமிருப்பதில் தண்ணீர் புகுந்தால் அதுவும் போகும் என்றுவிட்டார் டாக்டர். அதன்பிறகு அவள் தண்ணீரில் இறங்கவே இல்லை. கல்யாணமாகிப் போன ஊரோ, எங்கே திரும்பினாலும் தண்ணீர். விதியைப் பாருங்கள்!

பதினொன்றுக்கு மட்டாஞ்சேரித் துறையில் குடையும் கையுமாக நின்றாள்.

"ஏன்டி, அக்கரைக்கு வந்தா குறைஞ்சா போயிருவே?" என்றேன்.

"படகுல ஏறுனா கை தானாத் தண்ணிக்குள்ள போகுது புள்ள. அதான் ஏறுறதில்ல" என்றாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

சுக்கு வாசனை அடிக்கும் கடைத்தெரு வழியாக நடந்து, தோப்பும்படி தாண்டி, அவள் நாத்தனாரோடு இருக்கும் வீட்டுக்கு பஸ்ஸில் போனோம். வீட்டின் பின்படி, கடலோடு சேர்ந்து ஏறி வற்றும் காயலுக்குள் இறங்குகிறது, எதிர்க்கரை கும்பளங்கி. கப்பைக்கிழங்கும் மீன்கறியும் போட்டார் நாத்தனார்.

"நீங்களாச்சும் இறங்கிக் குளிங்க சேச்சி. இவ பாத்துக்கிட்டு இருக்கட்டும். தினமும் அதானே ஜோலி" என்றார்.

மூன்று மணிக்கு இறங்கினேன். நடுவில் நட்டிருந்த மூங்கில் கழியைத் தொட்டுத் திரும்புவதாக எண்ணம்.

"தண்ணி வத்துது புள்ள! கழியப் பாத்துப் போகாதே. தெக்கால தள்ளிப் போ, தண்ணி இழுக்குற ஒழுக்கே கழிகிட்ட கொண்டு விடும்" என்று படியிலிருந்து கத்தினாள் சாந்தி.

கோடு போட்ட குளத்தில் நீந்திப் பழகியவளுக்கு அந்தப் புத்தி எப்படி வரும்? நேராகப் போனேன். கை வீச வீசக் கழி ஒருபக்கமாக விலகிக்கொண்டே போயிற்று. கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. "சாந்தி!" என்று அலறினேன்.

பாய்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். பாயவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு, படிப்படியாக இறங்கி, கழுத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டே வந்தாள், நாய் நீந்துகிற மாதிரி. அதிலும் என்னைவிட வேகம்தான், பாவி! என்னை மல்லாத்தி, தாடையைப் பிடித்து இழுத்து வந்தாள். அவள் தலையில் வைத்திருந்த பூகூட நனையவில்லை.

நான் படியேறிவிட்டேன். அவள் ஏறவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, நாத்தனார் துண்டெடுக்க உள்ளே போகும்வரை காத்திருந்தாள்.

"ஒருக்கா முங்கட்டுமா?"

"என்ன?"

"ஒரே ஒருக்கா. ஒரு காது ஏற்கெனவே போச்சு. இதும் போனாத்தான் என்ன? அடியில எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு புள்ள. உனக்குத் தெரியுமல்ல, நீ சொல்லு."

தெரியும். மேலே இருக்கிற சத்தமெல்லாம் அறுந்து, உடம்புக்குக் கனமே இல்லாமல் போகிற அந்த ஒரு நொடி எனக்குத் தெரியும். 'முங்கு' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"வேண்டாம் சாந்தி" என்றேன்.

அவள் ஏறி வந்து புடவையைப் பிழிந்தாள். சாயங்காலம் துறையில் வழியனுப்பும்போது சிரித்த முகமாகத்தான் இருந்தாள். அடுத்த முறை குழந்தைகளையும் கூட்டி வரச் சொன்னாள்.

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். மறுநாள் காலை அண்டாவிலிருந்து மொண்டு தலைக்கு ஊற்றினேன். காதுக்குள் தண்ணீர் போய் அடைத்துக்கொண்டது. செம்பைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.