லீமாவின் பேரில் ஒரு கம்பெனி

அரபு நாட்டில், முவைலா என்ற பகுதியில், ஒரு சலூனுக்கும் கரக் டீக்கடைக்கும் நடுவில் இருக்கிறது லீமாவின் தையற்கடை. லீமா குளச்சல்காரி. அப்பா ஞானசிங் கடலுக்குப் போனவர். கணவன் பிரைட் சவூதியில், ஜுபைலில், ரசாயன ஆலை ஒன்றில் டெக்னீஷியன். லீமா முதலில் வந்தது அருள்முருகன் என்பவருடைய யூனிஃபார்ம் கம்பெனிக்கு, துணி வெட்டும் வேலைக்கு. சிவகங்கைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து, தன் கையால் உயர்ந்த மனிதர் அருள்முருகன். வேலைக்காரப் பெண்களை "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். காய்ச்சல் என்றால் ரூமுக்கே கஞ்சி அனுப்புவார். அங்கே சூப்பர்வைசர் வரைக்கும் வந்த பிறகு, லீமா விலகிச் சொந்தக் கடை போட்டாள். அவர் சிரித்த முகத்தோடு அனுப்பி வைத்தார். துணி ஓரம் அடிக்கும் ஒரு பழைய ஓவர்லாக் மெஷினையும் கொடுத்தார்.

பக்கத்து நகராட்சி ஒன்று தன் சிறு ஒப்பந்தங்களில் ஒரு பங்கைப் பெண்கள் நடத்தும் கம்பெனிகளுக்கென்று ஒதுக்கியிருந்தது. எந்த நாட்டுப் பெண்ணானாலும் சரி. கடை போட்ட நாளிலிருந்து லீமா அதற்கு முயன்று வந்தாள். ஒவ்வொரு முறையும் தகுதி இல்லை என்ற ஒரே பதில்தான். காரணம் சொல்ல மாட்டார்கள். திரும்பி வந்த மாதிரிச் சட்டையை அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். காலரைப் பிரித்து மறுபடி தைப்பாள். கடையில் அவளோடு தைக்கும் ஹபீபுன்னிசாவுக்கு எரிச்சலாக வரும்.

"இதுல என்னா குறைய கண்டீங்க? நம்ம தையல்ல ஒரு குத்தமும் இல்ல, லீமாக்கா."

"பின்ன எதுக்கு ஒவ்வொரு தடவையும் தள்ளுதாங்க? நமக்குத் தெரியாத குறை என்னவோ இருக்கு."

இந்த வருடம் ஒப்பந்தம் கேட்டிருந்த பெண்களையெல்லாம் நகராட்சி ஒரு கூட்டத்துக்கு அழைத்தது. லீமா ஹபீபுன்னிசாவையும் கூட்டிக்கொண்டு போனாள். அதிகாரிகளை நேரில் பார்த்தால் குறை என்னவென்று கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். மண்டபம் நிறையப் பெண்கள். கேக் செய்கிறவர்கள், பூச்செடி விற்கிறவர்கள், கட்டடம் துடைக்க ஆள் அனுப்புகிறவர்கள். ஷம்மா என்ற இளம் அதிகாரி மேடையில் நின்று ஆங்கிலத்தில் பேசினாள். நன்றாக வேலை செய்த கம்பெனிகளுக்குக் கேடயம் கொடுக்கப் போவதாகச் சொன்னாள்.

"பூங்காப் பணியாளர்களுக்குச் சீருடை தைத்துத் தரும் கம்பெனியின் உரிமையாளர், லீமா ஞானசிங்."

கைதட்டல் எழுந்தது. லீமாவும் தட்டினாள். ஹபீபுன்னிசா அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"லீமாக்கா, ஒங்க பேரு!"

"வேற ஆளா இருக்கும்."

"ஒங்க வாப்பா பேரும் வேற ஆளுக்கு இருக்குமா?"

லீமா எழுந்தாள். எதற்காக எழுந்தாள், எப்படி நடந்தாள் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மேடைப் படியில் கால் வைத்தபோது எதிர்ப்பக்கப் படியில் வேறொருவர் ஏறிக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தயாரான சிரிப்பு. அருள்முருகன்.

அவரைப் பார்த்ததும் ஷம்மாவுக்குச் சந்தோஷம். "உங்கள் மேடத்தை இன்றைக்காவது அழைத்து வந்தீர்களா? எப்போதும் நீங்கள்தானே வருகிறீர்கள்!" என்றாள்.

அப்போதுதான் அருள்முருகன் லீமாவைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு அப்படியே வாயில் நின்றுவிட்டது. கேடயத்துக்கு நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

"தங்கச்சி," என்றார் தாழ்ந்த குரலில். "இத வாங்கிக்க. போட்டோ எடுக்கட்டும். கீழ போயி எல்லாத்தையும் வெவரமாச் சொல்றேன்."

"எனக்க பேருல உங்களுக்குக் கம்பெனியா, அண்ணே?"

"மெதுவாப் பேசு தாயி. மானம் போயிரும்."

கேமராக்காரன் இருவரையும் நெருங்கி நிற்கச் சொன்னான். லீமா ஷம்மாவின் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்: "மேடம், இந்தக் கம்பெனி என்னுடையது இல்லை. இந்த நிமிஷம்தான் கேள்விப்படுகிறேன்."

முன் வரிசை வரைக்கும் கேட்டது. ஷம்மா இருவரையும் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே அருள்முருகன் மறைக்கவில்லை. விசா வேலை என்று சொல்லி அவள் பெயரில் அவரே எதையும் செய்ய உரிமை தரும், அரபியில் எழுதியிருந்த அதிகாரப் பத்திரத்தில் பழைய நாளில் லீமாவிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். அதைக் கொண்டுதான் பெண் முதலாளி ஒருத்தியை உருவாக்கினார். "ஆம்பளைக்குக் குடுக்க மாட்டேங்குறாங்க. நா என்ன செய்ய? அங்க தைக்கிறதெல்லாம் பொம்பளப் புள்ளைகதான?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை என்பதுதான் லீமாவை இன்னும் கலக்கியது.

பிறகு ஷம்மா தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். ஒரு பெண்ணுக்கு ஒரே நேரத்தில் ஒரு ஒப்பந்தம்தான் என்பது விதி. லீமாவின் கடை ஒவ்வொரு முறையும் தள்ளப்பட்டது அதனால்தான். லீமாவிடம் ஏற்கெனவே ஒப்பந்தம் இருந்தது.

லீமா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தையலில் குறை என்று எத்தனை காலரைப் பிரித்தாள்! அவளுக்கு எதிரே நின்றது அவள் பெயரேதான்.

வெளியே வந்து, கார் நிறுத்துமிடத்து வெயிலிலேயே நின்று பிரைட்டுக்குப் போன் போட்டாள். நடந்ததை மூச்சு விடாமல் சொன்னாள். அவன் திடுக்கிடுவான், கத்துவான் என்று எதிர்பார்த்தாள். மறுமுனையில் சத்தமே இல்லை.

"கேக்குதா?"

"கேக்குது. லீமா, நீ இதுல ஒண்ணும் மிண்டாம இரு. அவரு நமக்குக் கெடுதல் நினைக்கல்ல."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கு இந்த ஜுபைல் வேலைய வாங்கித் தந்தது யாரு? அப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரு. பேரு மட்டுந்தானே, கொள்ளாம், எடுத்துக்கிடுங்கன்னு சொன்னேன். உங்கிட்ட சொன்னா வேண்டாம்னு சொல்லுவ."

"எனக்க பேரைக் குடுக்க நீங்க யாரு?"

லீமா போனை வைத்தாள். ஹபீபுன்னிசா தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். லீமா அதை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். அப்படித்தான் பலர் சொன்னார்கள். பத்திரத்தில் அவள் கையெழுத்து இருந்ததால் விசாரணையில் அவளும் நிற்க வேண்டியிருந்தது. ஊருக்கே அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் கொஞ்ச நாள் சோறு இறங்கவில்லை. ஆனாலும் ஷம்மாவின் அலுவலகத்துக்குப் போய்த் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். அதிகாரப் பத்திரத்தை ரத்து செய்தாள். கடைசியில் அவள்மேல் குற்றமில்லை என்றார்கள். அருள்முருகனின் பூங்காச் சீருடை ஒப்பந்தம் பறிபோனது. அபராதத்தைக் கட்டிய அவர் கம்பெனியைச் சுருக்கினார்.

அதோடு முடிந்துவிடவில்லை. அங்கே தைத்துக்கொண்டிருந்த பானுப்பிரியா ஒருநாள் காலையில் நேரே லீமாவின் கடை வாசலில் வந்து நின்றாள்.

"நீங்க நல்லவங்கதான்க்கா. ஆனா உங்களாலதான் எங்க டூட்டி போச்சு. அத யாரு கேக்குறது?"

இதை லீமா எதிர்பார்க்கவே இல்லை. நியாயம் செய்துவிட்டோம் என்று நினைத்திருந்தவளை அந்தக் கேள்வி அப்படியே உட்கார வைத்தது.

அடுத்த முறை ஒப்பந்தம் கேட்டபோது நகராட்சி அவளுடைய சட்டையைத் தள்ளவில்லை. கிடைத்தது சின்ன வேலைதான், குழந்தைகள் மையத்து ஆயாக்களுக்கு ஏப்ரன். பானுப்பிரியாவுக்கும் இன்னொருத்திக்கும் அதில் இடம் கொடுக்க முடிந்தது. மற்றவர்களில் சிலர் வேறு கம்பெனிக்குப் போனார்கள், சிலர் ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்களை லீமா இன்னும் நினைத்துக்கொள்வாள்.

கிறிஸ்துமஸ் லீவில் பிரைட் வந்தான். லீமா ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவன் அவள் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டான்.

"கோவம் போச்சா?"

"போகல்ல," என்றாள் லீமா. "வாருங்க, டாக்ஸி நிக்குது."