இத்தா இருந்த அறையில் தாசின்

ரங்கூனில் குண்டு விழுந்த செய்தி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் அங்கே கைலிக் கடை வைத்திருந்தார். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். சில மாதம் இருந்துவிட்டு மறுபடியும் கப்பல் ஏறிவிடுவார். மதுரைத் தெற்குவாசல் வீட்டில் நானும் அவரைப் பெற்ற மாமியும்தான். ஒரே மகளைத் திருமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். கொழுந்தனார் அடுத்த தெருவில் இருந்தார், செருப்புக் கடைக்காரர். தினமும் சாயங்காலம் பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, ரங்கூனிலிருந்து யார் யார் கரை சேர்ந்தார்கள் என்று சொல்லுவார். அவர் வாயிலிருந்து அண்ணன் பேர் வருமா என்று மாமியும் நானும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு நாள் காலையில் வாசலில் குதிரை வண்டி நின்றது. அவர்தான் வந்துவிட்டார் என்று முக்காட்டைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினேன். இறங்கியது ஒரு பெண். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கன்ன எலும்பு தூக்கலாக, பர்மாக்காரி சாடை. வண்டிக்காரன் தகரப்பெட்டியை இறக்கி வைத்தான். அவள் மட்டும் ஈரக் கோணியில் சுற்றிய ஒரு பொதியைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

தன் அத்தா பரமக்குடிப் பக்கத்தவர் என்றும், அம்மா பர்மாக்காரி என்றும், பிறந்தது அங்கே மோல்மீன் ஊரில் என்றும் திக்கித் திக்கிச் சொன்னாள். என் வீட்டுக்காரர் அவளை முதலில் கப்பலேற்றிவிட்டு, கடையை ஒப்படைத்துவிட்டு அடுத்த கப்பலில் வருவதாகச் சொன்னாராம்.

மாமி கதவைப் பிடித்தபடி கேட்டார். "நீ யாரு புள்ள அவனுக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள். "நிக்காஹ் ஆகி நாலு வருசம் ஆச்சு."

மாமி கொழுந்தனாருக்கு ஆள் விட்டார். அவர் வந்து அவளைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. எப்போது வந்தாள் என்று மட்டும்தான் கேட்டார். அவருக்கு இந்த விஷயம் முன்பே தெரியும் என்று அந்த ஒரு கேள்வியில் எனக்கு விளங்கிவிட்டது. நான் அடுப்படிக்குள் போய் அரிசியைக் களைய ஆரம்பித்தேன். எத்தனை தடவை களைந்தேனோ தெரியாது. மாமி வந்து பானையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்ட பிறகுதான் நிறுத்தினேன்.

துரத்திவிட முடியாது. அவர் வந்து ஒரு வழி சொல்லட்டும் என்று பின்கட்டு அறையில் அவளை இருக்க விட்டோம். அன்று சாயங்காலம் கோணியை அவிழ்த்தாள். உள்ளே முழங்கை நீள மரக்கிளை. அதன் மேலெல்லாம் சின்ன வெங்காயம் போலப் பச்சைக் காய்கள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தன. வேர்கள் வெள்ளை நூல் மாதிரி பட்டையைப் பிடித்திருந்தன. மண்ணே கிடையாது.

"புல்லுருவி," என்றார் மாமி. "நல்ல வீட்டுக்குள்ள புல்லுருவி வந்து ஒட்டியிருக்கு."

மாமி செடியை மட்டும் சொல்லவில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. அவள் குனிந்த தலை நிமிராமல், இது மரத்தை உறிஞ்சாது, மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், காற்றிலும் மழையிலும் வருவதைத்தான் குடிக்கும் என்றாள். இதன் பெயர் தாசின் என்றும் சொன்னாள். ஆர்க்கிட் என்று ஒரு சாதி உண்டு, அதில் இது ஒன்று என்பதெல்லாம் எனக்கு ரொம்ப வருடம் கழித்துத் தெரிந்தது.

கப்பல்கள் நின்றுபோயின. ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது. ஜனங்கள் காட்டு வழியாக அஸ்ஸாமுக்கு நடந்து வருகிறார்கள் என்று கொழுந்தனார் சொன்னார். நடக்கிற கூட்டத்தில் அவரும் இருப்பார் என்று மாமி சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அவர் வந்து நின்றால் முதலில் யார் பக்கம் திரும்புவார் என்ற நினைப்பு வந்து, அந்த நம்பிக்கையையும் எனக்குக் கசப்பாக்கிவிடும்.

அந்த வருஷம் கோடை கொடுமையாக இருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குளிக்க, துவைக்கத்தான் ஆகும். குடிக்கிற தண்ணீர் தெருக்குழாயில் விடியற்காலையில் கொஞ்ச நேரம் வரும். அதற்கு அடிதடி. நான் வரிசையில் நின்று நிரப்பி வைத்த பானையிலிருந்து அவள் ஒரு குவளை எடுத்துச் செடிமேல் தெளிப்பதை ஒரு நாள் பார்த்துவிட்டேன்.

கிணற்றில் தண்ணீர் இல்லையா என்று கேட்டேன். உப்புத் தண்ணீர் பட்டால் வேர் நுனி கருகிவிடும் என்றாள். மனுஷனுக்கே தண்ணீர் இல்லாத ஊரில் கட்டைக்கு எதற்குத் தண்ணீர் என்று கத்தினேன். அக்கம்பக்கமெல்லாம் எட்டிப் பார்த்தது. அவள் குவளையைப் பானைமேல் கவிழ்த்து வைத்தாள். மறுநாளிலிருந்து தனக்கென்று ஊற்றிய குடிதண்ணீரில் பாதியைக் குடிக்காமல் எடுத்து வைத்து அதற்குத் தெளித்தாள். உதடெல்லாம் வெடித்துப்போயிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க என் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

செடியை அவள் பார்த்துக்கொண்ட விதம் வீம்பாகவே இருந்தது. வெயில் நேரே படாத, ஆனால் வெளிச்சம் உள்ள இடமாகத் தேடித் தேடி மாற்றினாள். கடைசியில் தண்ணீர்ப் பானைகளுக்கு மேலே உத்தரத்தில் தொங்கவிட்டாள். பானைகளுக்கு அடியில் இருந்த மணலை எப்போதும் ஈரமாக வைத்தாள். அந்தக் குளிர்ச்சி மேலே ஏறிச் செடிக்குப் போகுமாம். மாமி ஒரு தடவை, பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, சட்டியில் மண்ணும் எருவும் போட்டுக் கட்டையை அதில் புதைத்து வைத்துவிட்டார். அவள் வந்து பார்த்ததும் இரண்டு கையாலும் தோண்டி எடுத்தாள். வேருக்குக் காற்று இல்லாவிட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று அழுதாள். மாமி முகம் சுருங்கிப்போனது. அன்றிலிருந்து அவர்கள் இருவரும் பேசுவது நின்றது.

ஆடியில் கொழுந்தனார் திருவாதவூருக்குத் தோல் வாங்கப் போனவர், புளியமரத்தில் இருந்த மரவாழை ஒன்றைப் பிடுங்கி வந்தார். வார் போலத் தடித்த இலை, விரல் பருமனில் வேர். பழுப்பில் கட்டம் போட்ட பூ ஒன்று வாடிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. மதுரைப் பக்கத்து மரங்களில் யாரும் கண்டுகொள்ளாமல் கிடக்கிற செடி. அதை அவள் தாசின் பக்கத்தில் வைக்கவில்லை. தென்னங்கயிற்றால் முற்றத்து வேப்பமரத்தில் கட்டிவிட்டாள். இது வெயில் தாங்குகிற சாதி, மழை வரும்வரை காத்திருக்கும், நிழலில் வைத்தால்தான் பூக்காது என்றாள். கொழுந்தனார் அவளுக்குச் செடி கொண்டு வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் அவள் பக்கம் போகிறார்கள் என்று தோன்றியது.

வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லி ஊரில் கலவரம் நடந்து, சாயங்காலமானால் கடைகளெல்லாம் அடைத்துக் கிடந்த காலம் கொஞ்சம் ஓய்ந்த பிறகு, கொழுந்தனார் ஒரு நாள் அஸர் முடிந்ததும் வந்தார். வழக்கம்போல உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ரங்கூனில் பக்கத்துக் கடையில் வேலை பார்த்த ஒருவன், கால் வீங்கி, ஊன்றுகோலோடு பள்ளிவாசலுக்கு வந்திருக்கிறான். அவனும் என் வீட்டுக்காரரும் ஒன்றாகத்தான் நடந்திருக்கிறார்கள். அஸ்ஸாம் முகாமுக்கு உயிரோடு வந்து சேர்ந்த பிறகு காய்ச்சலும் பேதியும் கண்டு, சில வாரங்களுக்கு முன்னால் இவர் மௌத்தாகிவிட்டார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அவன் கையால் மண் போட்டிருக்கிறான்.

நான் அலறினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. மாமி அழவில்லை. எழுந்து போய், எங்கள் இரண்டு பேர் கையிலும் இருந்த வளையல்களை அவரே கழற்றினார். முதலில் எனக்கு, பிறகு அவளுக்கு.

கணவன் போனால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வெளியே போகக்கூடாது, பூவும் அத்தரும் தொடக்கூடாது. முன்கட்டில் துக்கம் கேட்க ஆண்கள் வந்துகொண்டிருந்ததால், எங்கள் இரண்டு பேரையும் மாமி பின்கட்டு அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். எந்தப் பெண்ணை இத்தனை மாதமாகப் பார்க்கவே பிடிக்காமல் இருந்தேனோ, அவளோடு ஒரே அறையில், ஒரே பாயின் இரண்டு ஓரத்தில். உத்தரத்திலிருந்த செடியையும் யாரோ அந்த அறை ஜன்னலுக்கு மாற்றியிருந்தார்கள்.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். செடியைத் திரும்பியே பார்க்கவில்லை. ஐப்பசி அடைமழை வந்தது. செடியில் இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தது. கடைசியில் வெறும் காய்கள்தான் மிச்சம். செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். என்ன தோன்றியதோ, குடிக்க வைத்திருந்த செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஊத்தாதீங்க அக்கா," என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "இலை விழுந்தா அது தூங்குது. இப்ப ஊத்தினா அழுகிரும்."

பல நாளைக்குப் பிறகு அவள் பேசிய பேச்சு அது. நான் செம்பைக் கீழே வைத்தேன். பேச்சு வந்துவிட்டதால், இத்தனை மாதமாக என் நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். அங்கே அவர் என்னைப் பற்றி எப்போதாவது பேசுவாரா என்று.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "பேச மாட்டாரு. நான் கேட்டா எந்திரிச்சு வெளிய போயிருவாரு."

ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததால் அவளை நம்பினேன். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினோம். மோல்மீனில் கோடையில் திராட்சைக் குலை மாதிரி மஞ்சளாகத் தொங்குகிற ஒரு சாதியைப் பற்றி, ஷான் மலையிலிருந்து வரும் நீலப்பூவைப் பற்றி, தன் அம்மா எங்கே எப்படி இருக்கிறாளோ என்று. அவரைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

மார்கழிக் குளிரில் வெறும் காய்களின் அடியிலிருந்து ஊசி போல ஒரு தண்டு வளைந்து வந்தது. அடுத்தடுத்து இன்னும் சில. ஒரு காலையில் விழித்தபோது அறை முழுக்க மணம். அரிசிமணி அளவில், வெள்ளை வெளேரென்று, வரிசையாகப் பூத்துத் தொங்கியது. அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. இத்தா முடிய இன்னும் நாள் இருந்தது.

மணம் முன்கட்டுவரை போயிருக்க வேண்டும். மாமி கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"அத்தர் போட்டது யாரு?"

நான் ஜன்னலைக் காட்டினேன். மாமி பார்த்துக்கொண்டே நின்றார். அவள் எழுந்து பாக்குவெட்டியை எடுத்து, தண்டை நறுக்கக் கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று யோசிக்கவில்லை. மாமி என்ன சொல்லப்போகிறாரோ என்று பார்த்து நின்றோம்.

"இதை அங்க பொம்பளைங்க தலையில வைப்பாங்களா?" என்று கேட்டார் மாமி.

வைப்பார்கள் என்றாள். குளிர்காலத்தில் அவர்தான் சந்தையிலிருந்து வாங்கி வருவார் என்றாள். இந்தக் கட்டையைக் கோணியில் சுற்றிக் கட்டிக் கையில் கொடுத்ததும் அவர்தானாம். அதை இத்தனை நாள் எங்கள் யாரிடமும் அவள் சொல்லவில்லை.

மாமி கிட்டே வந்து செடியைக் கொக்கியிலிருந்து கழற்றினார். "இத்தா உங்க ரெண்டு பேருக்கும்தான். பெத்தவளுக்கு இல்ல," என்று சொல்லிவிட்டு அதைத் தன் அறைக்கு எடுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகன் போன செய்தி வந்ததிலிருந்து அழாதவர், அன்று அழுத சத்தம் எங்கள் அறைவரை கேட்டது. நாங்கள் போகவில்லை. அவள் கையை நான் இன்னும் விடாமல் இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

இத்தா முடிந்த வாரமே பரமக்குடியிலிருந்து அவள் அத்தாவின் அண்ணன், பெரியத்தா, வந்துவிட்டார். கொழுந்தனார்தான் எழுதியிருக்கிறார். பெரியத்தா கையில் ஒரு சம்பந்தமும் இருந்தது. பெண்டாட்டி இறந்த, வயதான மிளகாய் வியாபாரி. வயசுப் பெண்ணை இங்கே எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேட்டார். கொழுந்தனாரும், பள்ளிவாசல் ஜமாஅத்தில் பேச்சு வருகிறது என்றார். திரைச்சீலைக்குப் பின்னால் நானும் அவளும் நின்றிருந்தோம். அவளை யாராவது அழைத்துக்கொண்டு போகமாட்டார்களா என்று எத்தனை நாள் தொழுகையில் துஆ கேட்டவள் நான்.

"அவ எங்கயும் வரல," என்றேன் திரைக்குப் பின்னாலிருந்து. "இங்கதான் இருப்பா."

கொழுந்தனார், யோசித்துப் பேசுங்கள் மதினி என்றார். நான் பதில் சொல்லுமுன் மாமி குறுக்கிட்டு, இந்த வீட்டில் சோறு ஆக்குகிறவள் சொன்னால் சொன்னதுதான் என்று முடித்துவிட்டார். பெரியத்தா காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

பின்கட்டுக்கு வந்ததும் அவள் என்மேல் பாய்ந்தாள். "என்னைக் கேக்காம நீங்க ஏன் சொன்னீங்க?"

போகணுமா என்று கேட்டேன்.

"போகணும்னு சொல்லல. கேட்டிருக்கணும்."

அவள் சொன்னது நியாயம்தான். அதை ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அன்று இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

அவள் எங்களோடுதான் இருந்தாள். தையல் தெரியும்; தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தாள். அடுத்த வருஷம் தாசின் இலைதான் விட்டது, பூக்கவில்லை. அதற்கு அடுத்த வருஷம் கட்டை உளுத்துப்போய், அவள் செடியை இரண்டாகப் பிரித்து மாமரத்துண்டுகளில் கட்டினாள். ஒன்று பிழைத்தது. தாசினுக்கு மழைத் தண்ணீர் பிடிக்க வெண்கல அண்டாவை முற்றத்தில் வைக்கலாமா கூடாதா என்று நானும் அவளும் போட்ட சண்டையில், மாமி இருவரையும் வைதுவிட்டு, தானே அதை உருட்டிக்கொண்டு போய் ஓட்டுத் தாழ்வாரத்துக்குக் கீழே வைத்தார்.