பிறைக்குறி இரும்பு

பரமலிங்கம் என் தாயின் ஒன்றுவிட்ட தமையனின் மகன். எனக்கு மச்சான் முறை. ஓமந்தைக்கு மேற்கே காட்டோரம் அவர்களுக்கு மாட்டுப்பட்டி இருந்தது. மாட்டைவிடப் பெரிய சொத்து, மாட்டுக்குக் குறி சுடுகிற இரும்பு. நுனியில் பிறை வளைந்த அந்தக் கம்பி பூட்டன் காலத்தில் கொல்லன் அடித்தது. பூட்டனிடமிருந்து பாட்டனுக்கு, பிறகு தகப்பனுக்கு, பிறகு இவனுக்கு. காட்டில் மேயும் மாட்டின் தொடையில் பிறை இருந்தால் மறுபேச்சில்லை, அது அவர்கள் மாடு.

பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுத்த மாட்டுக்கும் அதன் கன்றுகளுக்கும் மட்டும் பிறைக்குக் கீழே ஒரு கோடு இழுப்பார்கள். பரமலிங்கத்தின் தங்கை விமலேஸ்வரியைப் பரந்தனில் குடியேற்றக் காணி எடுத்த ஐயாத்துரைக்குக் கட்டிக் கொடுத்தபோது, தகப்பன் சில பசுக்களுக்கு அப்படிக் கோடு இழுத்தார். புதுக்காணியில் மேய்ச்சல் இல்லையென்று மாடுகள் இங்கேயே நின்றன.

தகப்பன் செத்த வருஷம் பரமலிங்கம் அவசரத்தில் தங்கையின் பசுக்கள் போட்டது உட்பட எல்லாக் கன்றுக்கும் வெறும் பிறையையே சுட்டுவிட்டான். அடுத்த வருஷம், போன வருஷக் கன்றுக்கு இழுக்காத கோட்டை இதற்கு மட்டும் எப்படி இழுப்பது என்று விட்டான். அதற்குப் பிறகு விட்டது விட்டதுதான். ஆனால் பரந்தனிலிருந்து ஆள் வருகுது என்றால் அவனால் ஓரிடத்தில் இருக்க முடியாது. சோற்றில் கை வைத்தபடியே எழும்புவான். பட்டிக்குப் போவான், வருவான், திரும்பவும் போவான்.

"என்னப்பா, எறும்பு கடிக்குதே?" என்பாள் மனைவி நேசமலர்.

அறுபதாம் ஆண்டு, நெல் அரிவு வெட்டு முடிந்து குறி சுடுகிற அன்றைக்குத் தங்கையும் புருஷனும் வந்து இறங்கினார்கள்.

"அண்ணை, அங்க இப்ப மேய்ச்சல் கிடக்கு. என்ர மாடுகளைச் சாய்ச்சுக்கொண்டு போக வந்தனாங்கள்."

ஐயாத்துரை பட்டியைச் சுற்றிப் பார்த்தார். "மச்சான், கிழட்டுப் பசுக்களில கோடு கிடக்கு. கண்டுகளில ஒண்டிலயும் காணேல்லை. மலடாப் பாத்தே எங்களுக்குத் தந்தனீங்கள்?"

மாடு பிடிக்க வந்து நின்றவர்கள் சிரித்தார்கள். விமலேஸ்வரி சிரிக்கவில்லை. "சொல்லுங்கோ அண்ணை. என்ர பசுக்கள் கண்டு போடேல்லையோ?"

"போட்டது."

"எங்க?"

அவன் நெருப்படிக்கு நடந்தான். இரும்பை நெருப்பில் செருகினான். "பிடியுங்கோடா அந்தச் சிவலையை!"

பழுத்த பிறையின் ஒரு முனையால் பழைய பிறைக்குக் கீழே கோடு இழுத்தான். மாடு கதறியது. அடுத்தது. அதற்கடுத்தது. ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. மயிர் கருகிய புகையில் கண் கலங்கக் கலங்க இழுத்தான்.

"ஐயோ, அது எங்கட வெள்ளைச்சியின்ர கண்டெல்லோ!" என்று நேசமலர் கத்தினாள். அவன் கை நிற்கவில்லை.

"அண்ணை, அது உங்கட மாடு," என்றாள் தங்கை.

"இவ்வளவு காலம் நான் குடிச்ச பால்? வித்த நாம்பன் கண்டு? நீ பேசாமல் நில்!"

இன்னொன்றைப் பிடிக்கச் சொன்னபோது விமலேஸ்வரி குறுக்கே வந்தாள். சீலைத் தலைப்பால் கம்பியைப் பிடித்துப் பறித்து மாட்டுத் தொட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தினாள். சீறிக்கொண்டு ஆவி எழும்பியது.

"காணும் அண்ணை. உங்கட பிள்ளையளும் பால் குடிக்கவேணும்." பிறகு சொன்னாள்: "இனி கோடு கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்; நான் வராமல் குறி சுட நெருப்பு மூட்டாதேங்கோ."

"ஓம்," என்றான்.

வெள்ளைச்சியின் கன்றை விட்டுவிட்டு கோடு இழுத்த மற்ற மாடுகளை அவர்கள் வடக்கே சாய்த்தார்கள். பரமலிங்கமும் பின்னால் நடந்தான். "நில்லுங்கோ மச்சான், நாங்கள் கொண்டு போவம்" என்று ஐயாத்துரை சொல்லியும் கேட்கவில்லை. பரந்தன் வரைக்கும் நடந்து, அந்தக் காணியில் பட்டிக்கு வேலியும் அடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தான்.